டைப்காஸ்ட் ஆன நடிகையைத் தமிழில் எப்படிச் சொல்வது?

தருமபுரியிலிருந்து பாலக்கோடு போகும் பஸ்ஸில், பக்கத்து இருக்கைப் பையனின் போனில் ஒரு சினிமா விமர்சனம் ஓடிக்கொண்டிருந்தது. படம் ஜெனிபர் லோபஸ் நடித்த ‘ஷாட்கன் வெட்டிங்’. கல்யாணத்துக்குத் தீவில் கூடிய சொந்தபந்தங்களைக் கடற்கொள்ளையர் பிடித்துவைக்க, பெண்ணும் மாப்பிள்ளையும் தப்பி அலையும் லேசான காமெடி. “வகைவார்ப்பு நாயகி” என்றது குரல். மூன்று முறை. டைப்காஸ்டுக்குத் தமிழாம் அது. ஏற்கெனவே வேறு இடங்களில் பார்த்துப் பல்லைக் கடித்த சொல்தான்.

டைப்காஸ்ட் என்றால் ஒருவருக்கு ஒரே மாதிரி வேடத்தையே திரும்பத் திரும்பக் கொடுப்பது. லோபஸ் 2001இல் ‘தி வெட்டிங் பிளானர்’ படத்தில் ஊரார் கல்யாணத்தை நடத்திக் கொடுத்தார்; 2022இல் ‘மேரி மீ’யில் கூட்டத்தில் நின்ற ஆளைக் கட்டிக்கொண்டார்; அதே வருஷம் இந்தப் படம். ‘டைப்’ கிரேக்கத்தில் அடி, அடித்த தடம் என்று தொடங்கி ‘மாதிரி’ ஆனது. ‘காஸ்ட்’ பழைய நார்ஸில் எறிதல். உலோகத்தை அச்சில் ஊற்றுவது அதில் ஒரு கிளை. இன்னாருக்கு இன்ன வேடம் என்று பிரிப்பது இன்னொரு கிளை.

வகைவார்ப்புக்காரர்கள் பிடித்தது தப்பான கிளையை. வார்ப்பு என்றால் ஊற்றி எடுப்பது. கடத்தூர்ப் பக்கம் வெல்லம் காய்ச்சுகிறவர்களைக் கேளுங்கள்: அச்சில் ஊற்றும்வரை அது வெறும் பாகு, உருவம் கிடையாது. நடிகை பாகு இல்லையே! அவர் முழு ஆளாகத்தான் இருக்கிறார், கிடைக்கிற வேடம்தான் மாறவில்லை. அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டுவதற்குத் தனித்தமிழ் என்று பெயர் வைத்தால், தனித்தமிழுக்குத்தான் கெட்ட பெயர்.

‘முத்திரை குத்தப்பட்ட நடிகை’யும் எனக்கு ஒவ்வாது. முத்திரை பதித்தார் என்றால் பாராட்டு, முத்திரை குத்தினார்கள் என்றால் பழி. இரண்டுக்கும் நடுவில் வாசகர் தடுமாற வேண்டும். இதைவிடக் கொடுமை, எந்திரம் மொழிபெயர்த்துக் கொடுத்ததை அப்படியே விட்ட ஒரு சப்டைட்டில் வசனவரியில் நான் பார்த்த ‘தட்டச்சு நடிகை’. மொழிபெயர்த்தவர் ஒரு தடவை வாய்விட்டுப் படித்திருந்தால் அது வெளியே வந்திருக்காது.

எங்கள் பக்கம் பாரதக் கூத்தில் வருஷக்கணக்காகத் துரியோதனன் கட்டும் பெரியவர் ஒருவரிடம், வேறு வேஷம் போட ஆசையில்லையா என்று கேட்டேன்.

“ஆசை இருந்து என்னங்க? ஜனம் ஒத்துக்காது. என்னை அதுலயே கட்டிப்போட்டுட்டாங்க.”

சொல் அங்கேயே இருக்கிறது. வேஷம் ‘கட்டுவது’ கூத்தின் சொல். கட்டிப்போடுவதும் அதே கட்டுதான். வேடக்கட்டு. ‘வேடம்’ வடமொழி வேஷத்திலிருந்து வந்தது என்று யாராவது கொடி பிடிப்பார்கள், பிடிக்கட்டும். பஸ்ஸில் கேட்டாலும் புரிகிற சொல் எனக்குப் போதும்.

இன்னொரு வசதியும் உண்டு. வார்ப்பிலிருந்து ஒருவர் வெளியே வருவதை எப்படிச் சொல்வீர்கள், உருக்கியா? கட்டு என்றால் அவிழும். எம். என். நம்பியாருக்குப் பல வருஷம் வில்லன் வேடக்கட்டு. 1982இல் ‘தூறல் நின்னு போச்சு’ அதை அவிழ்த்துவிட்டது.