மோட்டார் ஓடும், வானூர்தி பறக்காது

கடையில் வாங்கிய ஆளில்லா வானூர்தி மூன்று நான்கு ஆண்டுகளில் அலமாரிக்குள் போய்விட்டால், மோட்டார் தேய்ந்துவிட்டது என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில், இவற்றில் இருக்கும் தூரிகையற்ற (brushless) மோட்டாரில் உராய்ந்து தேய்வதற்கு பேரிங்கைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. பெரும்பாலும் முதலில் சாவது மின்கலம்.

லித்தியம் பாலிமர் மின்கலத்தின் ஒவ்வொரு செல்லும் முழு மின்னேற்றத்தில் பொதுவாக 4.2 வோல்ட்டில் நிற்கும். அதே நிலையில் விட்டுவைத்தால், கிராஃபைட் மின்முனைமேல் படிந்திருக்கும் மெல்லிய படலம் தடித்துக்கொண்டே போய், மின்னோட்டத்துக்குப் பயன்பட வேண்டிய லித்தியத்தைத் தன்னுள் கட்டிப்போட்டுவிடுகிறது. கூடவே மின்பகுபொருள் சிதைந்து வாயு உண்டாவதால் மின்கலம் உப்புகிறது. வெப்பம் இவ்வினைகளை விரைவுபடுத்தும். பகலில் 31, 32 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும் சிங்கப்பூரில், வெயிலில் நிறுத்திய காருக்குள் முழுதாக மின்னேற்றிய மின்கலத்தைப் போட்டுவைப்பது அதன் ஆயுளை நாமே கத்தரிப்பதாகும். செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில், குளிர்ச்சியான இடத்தில் வைப்பதே நல்லது.

ஆயத்த வானூர்திகளின் மின்கலத்துக்குள் கண்காணிப்புச் சில்லு ஒன்று இருக்கிறது. சில நாள் பறக்கவிடாவிட்டால், மின்னழுத்தத்தைத் தானே குறைத்து மின்கலத்தைக் காக்கும் கெட்டிக்காரச் சில்லு அது. ஆனால் மாதக்கணக்கில் மறந்துவிட்டால், அதுவே சொட்டுச் சொட்டாக மின்சாரத்தைக் குடித்து, மின்னழுத்தம் பாதுகாப்பு எல்லைக்குக் கீழே இறங்கியதும், தீப்பிடிக்கும் அபாயம் கருதி மறுபடி மின்னேற்ற இடம்கொடுக்காது. என் அலமாரியிலும் அப்படி ஒன்று கிடக்கிறது. சில்லின் மறுப்பில் குற்றமில்லை. அந்த மின்கலத்தின் வடிவமும் இணைப்பியும் குறிப்பிட்ட ஒரு வகை வானூர்திக்கு மட்டுமே பொருந்துவதுதான் சிக்கல். அதன் தயாரிப்பு நின்றுவிட்டாலோ, கைப்பேசியின் புதிய இயங்குதளத்தில் பழைய செயலி ஓட மறுத்தாலோ, நல்ல மோட்டார்கள் நான்கும் வீண்.

சொந்தமாகக் கட்டிய வானூர்தியிலும் மின்கலம் இதே வேகத்தில்தான் கிழடுதட்டும். வேறுபாடு, அதை எளிதில் மாற்றலாம் என்பதே. பரவலாகப் புழங்கும் எக்ஸ்டி60 இணைப்பி இருந்தால், உரிய மின்னழுத்தமும் அளவும் கொண்ட எந்த நிறுவனத்தின் மின்கலமும் பொருந்தும். பறத்தலைக் கட்டுப்படுத்தும் மின்சுற்றுப் பலகைகள் பலவற்றின் திருகுத் துளைகள் 30.5 மில்லிமீட்டர் இடைவெளியில் அமைந்திருப்பதால், பலகை எரிந்துபோனால் வேறொன்றைப் பூட்டலாம். பீட்டாஃபிளைட், ஆர்டுபைலட் போன்று அந்தப் பலகையில் ஓடும் திறந்த மூல மென்பொருள்கள் எந்தவொரு நிறுவனத்தின் முடிவையும் மட்டும் நம்பியிருப்பவை அல்ல. மின்னணு உதிரிபாகக் கடைகள் நிறைந்த சிம் லிம் டவரில் பற்றாசும் கம்பியும் வாங்கப் பழகியவருக்கு இது பெரிய வேலையன்று.

ஆனால் நடுங்காத படமும் தடைகண்டு விலகும் திறனும் வேண்டுவோருக்கு ஆயத்த வானூர்தியே ஏற்றது. கட்டுபவருக்கு இங்குள்ள ஈரப்பதம் வேறொரு பகை: பலகையின்மேல் காப்புப் பூச்சு இல்லையென்றால் பற்றவைத்த இடங்கள் அரிக்கத் தொடங்கலாம். 250 கிராமுக்கு மேல் எடையிருந்தால், வீட்டில் கட்டியதையும் சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் பதிவு செய்த பிறகே பறக்கவிட வேண்டும்.