ஒரு புள்ளிக் கத்தியும் ஐந்து புள்ளிக் கத்தியும்

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு மின்ரயிலில் போய்த் திரும்பும் நேரத்தில் முடித்துவிடக்கூடிய ஆர்பிஜிகள் உண்டு, அதாவது ஒரு பாத்திரமாக மாறி, சண்டை போட்டு வளரும் கணினி விளையாட்டுகள். ஒருவரோ இருவரோ வீட்டில் உட்கார்ந்து செய்த இண்டி விளையாட்டுகள். கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடை 2015-ல் இந்தியாவுக்கு ரூபாய் விலை போடத் தொடங்கியது. தள்ளுபடி நாட்களில் இவற்றில் பலவற்றை நூறு ரூபாய்க்குள் வாங்கிவிடலாம். ரிச்சி தெருவில் பிடித்த பழைய லேப்டாப்பே போதும். சண்டையும் எளிது. நாம் ஓர் அடி, அது ஓர் அடி, யாருடைய ஹெச்பி (உயிர்ப் புள்ளி) முதலில் பூஜ்யமாகிறதோ அவர் காலி.

இதில் விளக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நூறு மணி நேரம் ஓடும் பெரிய ஆர்பிஜியைவிட இந்தச் சின்ன விளையாட்டில்தான் கணக்கு கறாராக இருக்கிறது என்பது என் கட்சி. பெரிய விளையாட்டில் ஆயிரக்கணக்கான அடிகள் விழுகின்றன. கெட்ட நேரமும் நல்ல நேரமும் போகப் போகச் சரியாகிவிடும். தோற்றால் காட்டுக்குப் போய் நாலு பிராணியை அடித்து லெவல் ஏற்றிக்கொள்ளலாம். சின்ன விளையாட்டில் சராசரி வந்து காப்பாற்ற நேரமே கிடையாது.

முதலில் கத்தி விஷயம். நங்கநல்லூரில் இருக்கும் என் அக்கா மகன், சேர்த்த பொற்காசையெல்லாம் கொட்டிப் புதுக் கத்தி வாங்கிவிட்டு வந்து கேட்டான்: "மாமா, அஞ்சு பாயின்ட் கத்தி இது. பழைய ஒரு பாயின்ட் கத்தியிலயும் மூணு அடி, இதுலயும் மூணு அடி. பக் ஏதாவது இருக்குமோ?"

அவனுடைய விளையாட்டின் எண்கள் எனக்கு நினைவில்லை, நாமே போட்டுக்கொள்வோம். எதிரிக்கு 30 ஹெச்பி, தற்காப்பு 6. கத்தி இல்லாமல் நம் தாக்குதல் 15. தாக்குதலிலிருந்து தற்காப்பைக் கழித்தால் டேமேஜ், அதாவது 9. முப்பதை ஒன்பதால் வகுத்தால் மூன்று சொச்சம். அந்தச் சொச்சத்துக்கும் ஒரு முழு அடி அடித்தாக வேண்டும், ஆக 4 அடி. ஒரு புள்ளிக் கத்தியை எடுத்தால் தாக்குதல் ஒன்று கூடி 16, டேமேஜ் 10. சரியாக 3 அடி. ஐந்து புள்ளிக் கத்தியில் டேமேஜ் 14. இரண்டு அடியில் 28-தான் ஆகிறது, மிச்சமிருக்கும் 2 ஹெச்பிக்காக மூன்றாவது அடி. டேமேஜ் 15-ஐத் தொட்டால்தான் அடுத்த படி. நடுவில் ஏற்றிய நாலு புள்ளியும், இந்த எதிரியைப் பொறுத்தவரை, தண்டம்.

விளையாட்டின் திரை டேமேஜைக் காட்டுகிறது. ஆனால் நம் பிழைப்பு அடிகளின் எண்ணிக்கையில்தான் இருக்கிறது, அது முழு எண்ணாகப் படிப்படியாக மட்டுமே குறையும். காரணம் எளிது: எதிரி உயிரோடிருக்கும் ஒவ்வொரு டர்னும் நம்மைத் திருப்பி அடிக்கிறது. அதன் தாக்குதல் 12, நம் தற்காப்பு 5 என்றால் அடிக்கு 7. நாம் முதலில் அடிக்கிறோம் என்று வைத்துக்கொண்டால், 4 அடிச் சண்டையில் அது 3 முறை அடித்துவிடும். நமக்கு 21 ஹெச்பி நஷ்டம். 3 அடிச் சண்டையில் 14, 2 அடியில் 7.

அதே காசுக்குக் கவசம் வாங்கியிருந்தால்? கத்தியே இல்லாமல் தற்காப்பை மட்டும் 5-லிருந்து 8 ஆக்கினால் அடிக்கு 4, மூன்று அடிக்கு 12. மூன்று புள்ளிக் கத்தி வாங்கியவர் 14 இழக்கிற இடத்தில் மூன்று புள்ளிக் கவசக்காரர் 12 இழக்கிறார். கத்தி படியாக வேலை செய்கிறது, கவசமோ ஒவ்வொரு புள்ளிக்கும் பலன் தருகிறது. இளவட்டங்கள் கத்தியைத்தான் வாங்குவார்கள், அது வேறு.

இந்தக் கழித்தல் முறைக்கு ஒரு ஓட்டையும் உண்டு. நம் தற்காப்பு 12 ஆகிவிட்டால் எதிரியின் அடி பூஜ்யம். கண்ணை மூடிக்கொண்டு என்டர் பட்டனைத் தட்டிக்கொண்டிருக்கலாம். அதனால்தான் பல விளையாட்டுகளில் "எப்படியும் குறைந்தது 1 டேமேஜ்" என்று ஒரு விதி. இதைத் தவிர்க்க விகித முறைக்குப் போகிறவர்களும் உண்டு: தாக்குதலை நூறால் பெருக்கி, நூறோடு தற்காப்பைக் கூட்டி வரும் எண்ணால் வகுப்பது. தற்காப்பு 100 ஆனாலும் டேமேஜ் பாதிதான் ஆகும், ஒருபோதும் பூஜ்யமாகாது. நீண்ட விளையாட்டுக்கு அது நல்லது. குட்டி விளையாட்டுக்கு எனக்குப் பிடித்தது கழித்தல்தான், மனக்கணக்கில் போட முடிவதால்.

1986-ல் ஜப்பானில் வந்த டிராகன் குவெஸ்ட் ஜப்பானிய ஆர்பிஜிகளுக்கு முன்னோடி. நம் தாக்குதலில் எதிரியின் தற்காப்பில் பாதியைக் கழித்து, மிச்சத்தில் கால் பங்குக்கும் அரைப் பங்குக்கும் நடுவில் ஏதோ ஓர் எண் டேமேஜாக விழும். அரையும் காலும் அது ஓடிய ஃபேமிகாம் என்ற விளையாட்டுக் கருவிக்குத் தோதான எண்கள். ஃபேமிகாமின் செயலிக்குப் பெருக்கவோ வகுக்கவோ தனிக் கட்டளை கிடையாது. ஆனால் இரும எண்ணை ஓரிடம் வலப்பக்கம் நகர்த்தினால் பாதி, இரண்டிடம் நகர்த்தினால் கால். மொத்த விளையாட்டும் 64 கிலோபைட். கடைசி லெவலான 30-க்குத் தேவையான அனுபவப் புள்ளி 65,535, அதாவது 16 பிட்டில் (16 இரும இலக்கங்களில்) எழுத முடிகிற மிகப் பெரிய எண்.

அப்புறம் அதிர்ஷ்டம். மிஸ் (அடி படாமல் போவது), கிரிட்டிக்கல் (வழக்கத்தைவிடப் பலமாக விழும் அடி), கூடக்குறைய விழும் டேமேஜ் எல்லாம் இதில் அடக்கம். 90 சதவீதம் படும் என்று திரை சொல்கிறது, அடித்தால் மிஸ். உடனே "இது ஏமாத்து" என்று கத்துகிறோம். 20 முறை அடித்தால் ஒரு மிஸ்ஸாவது வருவதற்கான வாய்ப்பு கிட்டத்தட்ட 88 சதவீதம். வராவிட்டால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

வைகுண்ட ஏகாதசி ராத்திரி திருவல்லிக்கேணித் திண்ணைகளில் கண் விழித்துத் தாயம் ஆடியவர்களுக்கு இது புதிதில்லை. இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் வெறுமை, 1, 2, 3 என்று நாலு பக்கம். மொத்தம் 16 விதமாக விழலாம். அவற்றில் இரண்டுதான் தாயம். சராசரியாக எட்டு உருட்டலுக்கு ஒன்று. ஆனால் எட்டு உருட்டியும் ஒரு தாயம்கூட விழாமல் போக 34 சதவீத வாய்ப்பு இருக்கிறது. மூன்று பேரில் ஒருவர் காயை இறக்காமல் முழித்துக்கொண்டிருப்பார். விடிய விடிய ஆடினால் எல்லோருக்கும் விழுந்துவிடும், அரை மணி நேர ஆட்டம் என்றால் அவர் பாடு அதோகதிதான். குட்டி ஆர்பிஜியில் மிஸ் என்பது இந்த அரை மணி நேர ஆட்டம். மூன்று அடிச் சண்டையில் ஒன்று தவறினால் சண்டையே மூன்றில் ஒரு பங்கு நீண்டுவிடுகிறது.

இத்தனைக்கும் பல இண்டி விளையாட்டுகளில் மிஸ் இருப்பது யாரும் யோசித்து வைத்ததால் அல்ல என்று நினைக்கிறேன். ஆர்பிஜி மேக்கர் என்ற கருவியில் செய்யப்படுபவை நிறைய. அதன் எம்வி பதிப்பில், தொடாமல் விட்டால் அடி படும் வாய்ப்பு 95, எதிராளி விலகும் வாய்ப்பு 5. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பதால் கடைசியில் படுவது 90 சதவீதத்துக்குப் பக்கம். பத்துக்கு ஒன்று வீண். செய்தவர் அந்தப் பெட்டியைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்.

டேமேஜ் விஷயத்தில் அதே கருவி புத்திசாலித்தனமாக நடந்துகொள்கிறது. அதன் வழக்கமான சூத்திரம், தாக்குதலை நாலால் பெருக்கி அதிலிருந்து தற்காப்பின் இரு மடங்கைக் கழிப்பது. 32 வருகிறது என்று வையுங்கள். அதில் 20 சதவீதம் கூடலாம், குறையலாம்; அதாவது 26 முதல் 38 வரை. இதற்கு அது ஒரே ஒரு சமவாய்ப்பு எண்ணை எடுப்பதில்லை. 0 முதல் 6 வரை இரண்டு எண்களை எடுத்து, 26-உடன் கூட்டுகிறது. தாயக்கட்டையில் 3 விழ நாலு வழி, 6 விழ ஒரே வழி என்பதுபோல இங்கேயும் நடு எண்களுக்குத்தான் வழி அதிகம். 32 விழ ஏழில் ஒரு வாய்ப்பு, 26 விழ 49-ல் ஒன்று. எண் மாறிக்கொண்டே இருப்பதுபோல் தெரியும், பெரிதாக முதுகில் குத்தாது.

இதே இரட்டை எண் உத்தியை ஃபயர் எம்பளம் என்ற விளையாட்டு வரிசை, 2002-ல் வந்த பாகம் முதல் சில பாகங்களில், மிஸ்ஸுக்கே போட்டது. இரண்டு எண்களின் சராசரியைப் பார்ப்பதால், திரையில் 90 என்று இருந்தால் உண்மையில் 98. 80 என்றால் 92. 10 என்றால் வெறும் 2. மனிதர்கள் 90-ஐ "கட்டாயம்" என்று படிக்கிறார்கள் என்பதால், அவர்கள் படிக்கிறபடியே கணக்கை வளைத்துவிட்டார்கள். டோட்டா 2 என்ற விளையாட்டு வேறு வழியில் போகிறது. 25 சதவீதம் என்று எழுதியிருக்கும் திறனுக்கு முதல் அடியில் வாய்ப்பு சுமார் 8.5 தான், தவறத் தவற 17, 25.5 என்று ஏறும், பலித்ததும் பழையபடி 8.5. நெடுநாள் சராசரி 25-தான், ஆனால் தொடர்ந்து வாய்ப்பதும் தொடர்ந்து ஏமாறுவதும் குறைகிறது.

இன்டு தி பிரீச் என்ற 2018 விளையாட்டு மிஸ்ஸையே தூக்கி எறிந்தது. எதிரி அடுத்து என்ன செய்யப் போகிறான் என்பதும் முன்கூட்டியே தெரியும். இரண்டு மணி நேர விளையாட்டுக்கு இதுதான் சரியான வழி என்பேன். எதிரிகள் குறைவு, எண்ணிக்கையும் நிலையானது. எந்தக் கதவில் எத்தனை ஹெச்பியோடு வந்து நிற்பீர்கள் என்பதைச் செய்தவர் தாளில் போட்டுப் பார்த்துவிடலாம்.

சரி, மிஸ் ஆகிவிட்டது, சேவ் செய்த இடத்துக்குத் திரும்பி மறுபடி அடித்தால் என்ன? விளையாட்டு உண்மையாக உருட்டுவதில்லை. ஒரு விதை எண்ணை வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. 1949-ல் டெரிக் லேமர் முன்வைத்த வழியிலிருந்து வளர்ந்த முறை இது: கையில் இருக்கும் எண்ணை ஒன்றால் பெருக்கி, இன்னொன்றைக் கூட்டி, வேறொன்றால் வகுத்து மீதியை எடு. பொம்மை அளவில் பார்ப்போம். ஐந்தால் பெருக்கி, மூன்றைக் கூட்டி, பதினாறால் வகுத்த மீதி. 7-ல் தொடங்கினால் 6, 1, 8, 11, 10, 5, 12, 15, 14, 9, 0, 3, 2, 13, 4, திரும்ப 7. 0 முதல் 15 வரை எல்லா எண்ணும் ஒரு முறை வந்துவிட்டது, பார்க்கக் குலுக்கிப் போட்டதுபோல் இருக்கிறது. ஆனால் ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை என்று மாறி மாறி வருவதைக் கவனியுங்கள். ஒற்றை வந்தால் மிஸ் என்று யாராவது நிரல் எழுதியிருந்தால், ஒன்று விட்டு ஒன்று மிஸ்! 1998-ல் வெளிவந்த மெர்சென் ட்விஸ்டர் போன்றவற்றில் இந்தக் கோளாறு இல்லை. அதன் வரிசை திரும்பத் தொடங்குவதற்குள் வரும் எண்களின் எண்ணிக்கையை எழுதவே 6,002 இலக்கம் வேண்டும்.

ஆக, விதையையும் சேர்த்துச் சேமிக்கிற விளையாட்டில் எத்தனை முறை திரும்பி வந்து அதே அடியை அடித்தாலும் அதே மிஸ்தான். ஆர்பிஜி மேக்கர் எம்வியின் சேவ் கோப்பில் விதை கிடையாது என்பதால் அங்கே திரும்பி வந்தால் வேறு எண் விழும். விதை சேமிக்கப்பட்டிருந்தாலும் ஒரு வழி இருக்கிறது. முதல் டர்னில் அடிக்காமல் மருந்தைக் குடித்துவிடுங்கள். எதிரி தன் முறைக்கு நம்மை அடிக்கும்போது வரிசையில் இருந்த அந்தக் கெட்ட எண் அதன் கணக்கில் போய்விடும், நமக்கு அதற்கு அடுத்தது வரும். பல சமயம் நம் அடியைத் தவற வைக்க இருந்த எண் எதிரியின் அடியைத் தவற வைத்துவிடும். அடியும் படாது, மருந்துதான் ஒன்று குறைந்திருக்கும்.