பேய்க்கதையைப் பறிக்க வேண்டாம், பக்கத்தில் உட்காருங்கள்

நூலகம் மூடிய பின் இரவில் புத்தகங்களைப் போட்டுச் செல்வதற்கென்று வாசலில் ஒரு பெட்டி இருக்கிறது. சென்ற வாரம் அதைத் திறந்து அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு சிறுவர் நாவல் மட்டும் நடுவில் விரிய மறுத்தது. கூர்ந்து பார்த்தால், பன்னிரண்டு பக்கங்களைச் சேர்த்துப் பிடித்து, மேலும் கீழும் ஓரத்திலுமாக ஏழு ஸ்டேப்ளர் பின்களை யாரோ அடித்திருந்தார்கள். அமெரிக்காவின் தென்மாநிலம் ஒன்றில் பல பத்தாண்டுகளுக்கு முன் கொல்லப்பட்ட கறுப்பினச் சிறுவனின் ஆவி, இன்று வாழும் ஒரு பிள்ளையிடம் வந்து தன் கதையைச் சொல்வதுதான் அந்த நாவல். நள்ளிரவில் கதவு தானாகத் திறப்பதும், கண்ணாடியில் ஈரக் கைத்தடம் தோன்றுவதுமான பக்கங்களில் ஒரு பின்கூட இல்லை. அவன் எப்படி இறந்தான், கொன்றவர்களை நீதிமன்றம் என்ன செய்தது என்று சொல்லும் பக்கங்களைத்தான் பின் அடித்து மூடியிருந்தார்கள்.

இங்கே அமெரிக்காவில் ஒரு பொது நூலகத்தின் சிறுவர் பிரிவில் நான் 16 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். பின் அடித்தவர் யாரென்று தெரியாது, தேடவும் போவதில்லை. ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்புதான் நம் தமிழ்த் தாய் ஒருவர் முகப்பு மேசைக்கு வந்து, தம் ஒன்பது வயது மகன் ஐந்து இரவுகளாகத் தூங்கவில்லை என்றும், இப்படிப்பட்ட பேய்க்கதையைப் பிள்ளைகள் கைக்கு எட்டும் தட்டில் வைக்கலாமா என்றும் கடிந்துகொண்டார். அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை, அந்த நாவல் பத்து வயதுக்கு மேற்பட்டோருக்கானது. ஆனால் உடன் வந்திருந்த பையனிடம், பேய் பயமாக இருந்ததா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தான். பிறகு, கதையின் முடிவில் இருந்த வரலாற்றுக் குறிப்பில் ஒரு பெயரைப் படித்ததாகவும், அது நிஜமா என்று அப்பாவிடம் கேட்டதாகவும், ‘அதெல்லாம் கற்பனை, படுத்துத் தூங்கு’ என்று அவர் சொன்னதாகவும், மறுநாள் அந்தப் பெயரைக் கணினியில் தேடி ஒரு புகைப்படத்தைப் பார்த்துவிட்டதாகவும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். எந்தப் புகைப்படம் என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை.

அந்தப் பெயர் எம்மெட் டில். சிகாகோவைச் சேர்ந்த 14 வயதுச் சிறுவன். 1955 ஆகஸ்டில் மிசிசிப்பி மாநிலத்தின் மனி என்ற சிற்றூருக்கு அருகே இருந்த உறவினர் வீட்டுக்கு விடுமுறைக்கு வந்தவனை, கடையில் இருந்த ஒரு வெள்ளையினப் பெண்ணிடம் வரம்பு மீறினான் என்று சொல்லி, ஆகஸ்ட் 28 அதிகாலையில் கடத்திச் சென்று கொன்றார்கள். மூன்று நாள் கழித்து டல்லஹாச்சி ஆற்றில் உடல் கிடைத்தது. அவனுக்குத் தாத்தா முறையான மோசஸ் ரைட், அந்த மாநிலத்தில் ஒரு கறுப்பினத்தவர் வெள்ளையருக்கு எதிராகச் சாட்சி சொல்வது உயிரைப் பணயம் வைப்பதற்கு ஒப்பாக இருந்த காலத்தில், நீதிமன்றத்தில் எழுந்து நின்று கடத்தியவர்கள் இருவரை அடையாளம் காட்டினார். வெள்ளையின ஆண்கள் 12 பேரைக் கொண்ட ஜூரி, 67 நிமிடங்களில் இருவரையும் விடுவித்தது. 1956 ஜனவரியில் அவர்களே ஒரு பத்திரிகையிடம் பணம் பெற்றுக்கொண்டு கொலையை ஒப்புக்கொண்டார்கள். ஒரே குற்றத்துக்கு இருமுறை விசாரிக்கக் கூடாது என்ற சட்டம் அவர்களைக் காத்தது. கும்பல் கொலையைக் கூட்டாட்சிக் குற்றமாக்கிய சட்டம், எம்மெட்டின் பெயரைத் தாங்கி 2022 மார்ச் 29 அன்றுதான் கையெழுத்தானது.

இதைப் படித்துவிட்டுப் பெரியவர்களுக்கே தூக்கம் வராது. குழந்தைகள் என்னிடம் வந்து கேட்பதும் எப்போதும் இதே கேள்விதான்: ‘அவர்கள் சிறைக்குப் போனார்களா?’ ஆவியைப் பற்றி எவரும் கேட்பதில்லை. ஆவி அவர்களுக்கு நண்பனாகிவிடுகிறது. அவர்கள் வயதே உள்ளவன், அதற்குமேல் வயது ஏறாதவன். அவர்களை உறுத்துவது தண்டனை இல்லாமல் போனதுதான். அந்த உறுத்தலோடு வந்து நிற்கும் பிள்ளையிடம் ‘கற்பனை’ என்று பொய் சொல்வது, பயத்தைப் போக்குவதில்லை. அப்பாவிடம் இதைக் கேட்கக் கூடாது என்பதைத்தான் அவனுக்குக் கற்றுக்கொடுக்கிறது.

இந்த வரலாற்றைச் சொல்ல ஆவி எதற்கு, நேராகவே சொல்லலாமே என்று கேட்பவர்களுக்குப் பழையனூர் நீலியை நினைவூட்டுவேன். கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகத் திரும்பி வந்து, ஊர் அவையின் முன் நின்று வழக்காடிய கதையை நாம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்திருக்கிறோம். அவள் அழுத அழுகைக்குப் போலி என்று பெயரிட்டு ‘நீலிக் கண்ணீர்’ என்று மொழியில் வைத்துக்கொண்டோமே தவிர, அவள் கொல்லப்பட்டாள் என்பதை எந்தக் கதைசொல்லியும் மறுத்ததில்லை. உயிரோடிருந்தபோது அவை கேட்காத வாக்குமூலத்தை, செத்த பின் வந்து சொல்லும் உரிமையைக் கதை தருகிறது. அமெரிக்க எழுத்தாளர்கள் குழந்தைகளுக்குச் செய்வதும் இதையே. ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் 1921 மே 31, ஜூன் 1 ஆகிய இரு நாட்களில் கிரீன்வுட் என்ற கறுப்பினப் பகுதியை வெள்ளையினக் கும்பல் எரித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. பாடநூல்கள் பல பத்தாண்டுகள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஓக்லான் இடுகாட்டில் 2020இல் தோண்டத் தொடங்கி, அடையாளமற்ற குழிகளிலிருந்து எடுத்தவர்களில் முதல் பெயரை உறுதிசெய்தது 2024இல்தான்: முதல் உலகப் போரில் பணியாற்றிய சி. எல். டேனியல் என்ற படைவீரர். 103 ஆண்டுகள் பெயரின்றிக் கிடந்த ஒருவரைப் பற்றி எழுதுபவருக்கு, ஆவியைவிடப் பொருத்தமான பாத்திரம் வேறு எது?

எங்கள் தொழிலில் ஒரு சிறு வேடிக்கை உண்டு. பேய் பற்றிய ‘உண்மை’ நூல்களை 133 என்ற வகைப்பாட்டு எண்ணில் அடுக்குகிறோம். பிள்ளைகள் அந்தத் தட்டைத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டார்கள், எந்தப் பெற்றோரும் குறை சொன்னதில்லை. கும்பல் கொலைகள் பற்றிய வரலாறு 364இல் இருக்கிறது. அதைத்தான் பின் அடிக்கிறார்கள்.

இனி எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் நம்பிக்கைக்கு வருகிறேன். ‘குழந்தைக்கு நிறம் தெரியாது, நாம்தான் இதையெல்லாம் படிக்கக் கொடுத்து நஞ்சை ஊட்டுகிறோம்’ என்பதை, படித்தவர்கள், மருத்துவர்கள், ஏன், ஆசிரியர்கள்கூட என் மேசைக்கு முன் நின்று சொல்லியிருக்கிறார்கள். தெரியும். நன்றாகவே தெரியும். மூன்று மாதக் கைக்குழந்தை, தான் வழக்கமாகப் பார்க்கும் இனத்தவரின் முகங்களையே அதிக நேரம் நோக்குகிறது என்பது ஆய்வில் கண்டது. கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதியர் 1940களில் மூன்று முதல் ஏழு வயதுக் கறுப்பினக் குழந்தைகளின் முன் நிறம் தவிர வேறு வேறுபாடு இல்லாத பொம்மைகளை வைத்து, எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையை நல்லது என்றார்கள். அதை அவர்கள் வரலாற்று நாவலிலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. கடையும் தெருவும் பள்ளியும் சொல்லிக்கொடுத்ததை அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அந்த ஆய்வையும் அடிக்குறிப்பில் சுட்டியது.

இன்னும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சில தெருக்களுக்குள் கார் நுழைந்ததும் முன் இருக்கையில் இருப்பவர் கதவுப் பூட்டை அழுத்துகிறார். ‘டக்’ என்ற அந்த ஓசையைப் பின் இருக்கையில் இருக்கும் ஐந்து வயதுப் பிள்ளை கேட்கிறது, வெளியே நடந்துபோகிறவர் யாரென்றும் பார்க்கிறது. வெயிலில் விளையாடிவிட்டு வரும் பெண்பிள்ளையிடம் ‘பார், எப்படிக் கறுத்துப் போய்விட்டாய்’ என்று பாட்டி வருந்துகிறார். அடுத்த வீட்டுக்குக் குடிவந்தவர்களைப் பற்றிப் பேசும்போது குரல் ஒரு படி தாழ்கிறது. இவை அனைத்தும் பாடங்கள்தாம், விளக்கம் இல்லாத பாடங்கள். விளக்கம் கிடைக்காத பிள்ளை, ஏதோ காரணம் இருக்கிறது போலும், அது அந்த மனிதர்களிடம்தான் இருக்கிறது போலும் என்று தானே முடிவு கட்டிக்கொள்கிறது. காரணம் சட்டங்களிலும் ஜூரிகளிலும் இருந்தது என்று எடுத்துச் சொல்லும் புத்தகத்தைத்தான் நீங்கள் ‘நஞ்சு’ என்கிறீர்கள்.

‘இது அவர்களுடைய பிரச்சினை, நமக்கென்ன’ என்ற இன்னொரு வாதத்துக்கு இவ்வளவு நேரம் செலவிட மாட்டேன். 1923இல் பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியர், தாம் வெள்ளையர் அல்லர் என்ற காரணத்துக்காக இந்நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் குடியுரிமையை இழந்தார். நம்மில் பெரும்பாலோரின் குடும்பங்களை உள்ளே விட்ட 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், கறுப்பினத்தவர் தெருவில் அடிவாங்கி நடத்திய உரிமைப் போராட்டத்தின் அலையில் வந்தது. அவ்வளவுதான்.

சரி, என்ன செய்யலாம்? புத்தகத்தை முதலில் நீங்கள் படியுங்கள். இருநூறு பக்கச் சிறுவர் நாவலைப் படிக்க இரண்டு மாலைகள் போதும். அட்டையில் உள்ள வயதுக் குறிப்பை அலங்காரம் என்று எண்ணாதீர்கள். ‘என் மகன் இரண்டு வகுப்பு மேலே உள்ளதைப் படிப்பான்’ என்று நீங்கள் பெருமைப்படுவது எழுத்துக் கூட்டும் திறனைப் பற்றியது. துக்கத்தைத் தாங்கும் திறன் அவனுக்கும் ஒன்பது வயதுக்கு உரியதே. படுக்கும் நேரத்தில் வேண்டாம், பகலில் படிக்கட்டும். கடைசியில் இருக்கும் ஆசிரியர் குறிப்பைத் தனியே விடாமல் சேர்ந்து படியுங்கள், ஏனென்றால் ஆவி மறைந்து உண்மைப் பெயர்கள் தொடங்கும் இடம் அதுதான். அந்தப் பெயர்களைத் தேடும்போது கணினி முன் நீங்களும் உட்கார வேண்டும். எம்மெட்டின் தாய் மேமி டில், ‘என் மகனுக்குச் செய்ததை உலகம் பார்க்கட்டும்’ என்ற உறுதியோடு சவப்பெட்டியைத் திறந்து வைத்தார்; பத்தாயிரக்கணக்கானோர் பார்த்தார்கள், ‘ஜெட்’ இதழ் படத்தை வெளியிட்டது. உலகத்தின் மனச்சாட்சியை நோக்கி ஒரு தாய் எடுத்த முடிவு அது. ஒன்பது வயதுப் பிள்ளை தனியறையில் ஒளிந்து பார்ப்பதற்காக எடுத்தது அன்று.

தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லுங்கள், பின் இருவரும் தேடுங்கள். தண்டனை கிடைத்ததா என்று கேட்டால், கிடைக்கவில்லை என்றே சொல்லுங்கள். அதோடு நிறுத்தாமல் மோசஸ் ரைட் எழுந்து நின்றதையும், அந்தத் தாய் வாழ்நாள் முழுதும் பேசியதையும் சொல்லுங்கள். ஆற்றங்கரையில் வைத்த நினைவுப் பலகையைத் திருடியும் துப்பாக்கியால் சுட்டும் சிதைத்த பிறகு, 2019இல் குண்டு துளைக்காத பலகையை வைத்தார்கள் என்பதைப் பிள்ளைகள் மறப்பதே இல்லை என்பது என் அனுபவம். இரண்டு வாரம் கடந்தும் தூக்கமின்மை, வயிற்றுவலி, பள்ளிக்குப் போக மறுப்பது என்று நீடித்தால் மருத்துவரையோ பள்ளி ஆலோசகரையோ பாருங்கள்; அது நூலகரின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

ஆசிரியர்களுக்கு ஒரே வேண்டுகோள். வகுப்பில் இருக்கும் ஒரே கறுப்பினப் பிள்ளையின் பக்கம் திரும்பி, ‘உனக்கு இதைப் பற்றி என்ன தோன்றுகிறது?’ என்று கேட்காதீர்கள். அவன் ஆவியின் வழக்கறிஞனாக அங்கே வரவில்லை, நாற்பது நிமிட வகுப்பைக் கேட்க வந்திருக்கிறான்.

தூங்காத அந்தப் பையனும் அவன் தாயும் அன்று என் மேசைக்குப் பின்னால் இருந்த சிறு நாற்காலிகளில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். மோசஸ் ரைட் நீதிமன்றத்தில் எழுந்து நின்று கை நீட்டும் புகைப்படத்தை 364ஆம் தட்டிலிருந்து எடுத்துக் காட்டினேன். சாட்சி சொன்ன பிறகு அந்தத் தாத்தா என்ன ஆனார் என்று கேட்டான். அறுவடையை விட்டுவிட்டு, மிசிசிப்பியை விட்டே வெளியேறி வடக்கே போனார் என்றேன். தாய்தான் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாவலிலிருந்த ஏழு பின்களையும் நெம்பி எடுத்துவிட்டேன். ஓட்டைகள் தெரிகின்றன, எழுத்து ஒன்றும் கெடவில்லை, இப்போது நான்கு பேர் அதற்காகக் காத்திருக்கிறார்கள். அமெரிக்க நூலகச் சங்கத்தின் கணக்கில் 2023ஆம் ஆண்டில் மட்டும் 4,240 நூல்கள் எதிர்ப்புக்கு உள்ளாகியிருக்கின்றன. எனவே உங்களுக்கும் எதிர்ப்பு இருந்தால் ஒளிவுமறைவு தேவையில்லை, பின் அடிக்காமல் மேசைக்கு வாருங்கள். அதற்கான படிவம் இழுப்பறையில் வைத்திருக்கிறேன். நூலை முழுமையாகப் படித்தீர்களா என்பதுதான் அதில் முதல் கேள்வி.