சௌடையாவின் ஏழு தந்தியும் உங்கள் காதும்

காது பரிசோதனைக்கு வரும் வயலின் கலைஞர்களிடம் நான் தவறாமல் கேட்பது: "மேடையில் மானிட்டர் ஸ்பீக்கர் (கலைஞர்களை நோக்கி வைக்கும் ஒலிபெருக்கி) எந்தப் பக்கம்?" அதன் சத்தம் காதுக்கு அதிகமாகிவிடுமோ என்பதுதான் என் கவலை.

அந்தக்கால வயலின் மேதை மைசூர் சௌடையாவுக்கு இதற்கு நேர்மாறான கவலை: சத்தம் போதவில்லையே என்று. காவிரியும் கபினியும் கூடும் திருமகூடலு நரசிபுரத்தில் 1895இல் பிறந்து, பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் குருகுலவாசம் செய்தவர். அரியக்குடி, செம்பை போன்ற பாடகர்களுக்கு அவர் வாசிக்கத் தொடங்கிய காலத்தில் மைக் அபூர்வம். கணீர்க் குரலுக்கு நடுவே நான்கு தந்தி வயலின் கடைசி வரிசைக்கு எட்டாது. இருப்பதற்கு ஜோடியாக இன்னும் மூன்று தந்திகளைக் கட்டிக்கொண்டார். தந்தியை முறுக்கும் பிருடை கூடியது, சுருதி சேர்க்கும் பாடும் கூடியது. ஜோடித் தந்தியில் ஒன்று மயிரிழை பிசகினாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதோடுதான் 1957இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி ஆனார். பெங்களூரில் அவர் நினைவு மண்டபமே ஏழு தந்தி வயலின் வடிவில் நிற்கிறது. மைக் பரவியபின் அந்த வாத்தியத்தை எடுப்பவர்கள்தான் அரிதாகிவிட்டார்கள்.

ஒரே அளவு ஒலிக்கும் இரண்டு தந்திகள் சேர்ந்தால் கூடுவது சுமார் 3 டெசிபல். இன்று சவுண்ட் மிக்சரில் விரலை நகர்த்தினால் அது கிடைத்துவிடும். காது வைத்திருக்கும் கணக்கோ கறாரானது: 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்றால் 88ஐ நான்கு மணி நேரம், 94ஐ ஒரே மணி நேரம். ராகம் தானம் பல்லவிக்கே அது போதாது!

பாதிப்பு முதலில் தெரிவது, காது கேட்கும் அளவைக் காட்டும் வரைபடமான ஆடியோகிராமில், பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளமாக. வயலினில் நாம் வாசிக்கும் ஸ்வரங்கள் அதற்கு வெகு கீழே என்பதால் சுருதி சுத்தமாகவே கேட்கும்; "எனக்கு ஒண்ணுமில்லையே சார்" என்பார்கள். ஆனால் கல்யாண மண்டப இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது புரியாது. கச்சேரி முடிந்த இரவு காதில் 'ங்ங்' என்று ரீங்காரம் கேட்டால், அசதி என்று ஒதுக்காதீர்கள்.

காதில் பஞ்சு வைக்க வேண்டாம். அது மேல் ஒலிகளையே அதிகம் மழுக்கும், நாதம் செத்துப்போகும். இசைக்கலைஞர்களுக்கென்றே வரும் காதடைப்பான் எல்லா ஒலியையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும். முதலில் சாதகத்தில் போட்டுப் பழகுங்கள், நேரே மேடையில் வேண்டாம். மானிட்டரில் உங்கள் வயலினை ஏற்றச் சொல்வதைவிட மற்றதைக் குறைக்கச் சொல்வது நல்லது.

வருஷத்துக்கு ஒரு முறை பரிசோதனை போதும். கச்சேரிக்கு மறுநாள் வராதீர்கள். காது தற்காலிகமாக மந்தித்திருந்தால் அளவு தப்பாக வரும். மார்கழி சீசனுக்கு முன்னால், நவம்பரிலேயே வந்துவிடுங்கள்.