பழைய ரம்பத்துக்குள் புகும் கள்ளக் காற்று

பழைய பெட்ரோல் செயின்சா (சங்கிலி ரம்பம்) ஒன்றின் ஸ்டார்ட்டர் கயிற்றுப் பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு ரம்பத்தை அந்தரத்தில் தொங்கவிடுங்கள். கயிறு சரசரவென்று உருவிக்கொண்டு ரம்பம் தரைக்குப் போனால் உள்ளே கம்ப்ரஷன் இல்லை. கொஞ்சம் இறங்கி, நின்று, யோசித்து, மறுபடி கொஞ்சம் இறங்கினால் பிஸ்டனும் ரிங்கும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அமெரிக்காவில் பழைய செயின்சாக்களைக் கொட்டகைகளில் தேடிப்பிடித்துச் சீர்செய்பவர்கள், விலை பேசுவதற்கு முன் செய்து பார்க்கும் சோதனை இது. காசு செலவில்லை, கருவியும் வேண்டாம்.

அப்படி அடிக்கடி சிக்கும் ரம்பங்களில் ஒன்று, 1960களில் வந்த ஹோம்லைட் எக்ஸ்எல்-12. பெயரிலுள்ள 12, பவுண்டில் அதன் எடை. பாரும் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு) செயினும் சேர்க்காமல் சுமார் ஐந்தரை கிலோ. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1929இல் ஜெர்மனியின் ஸ்டில் நிறுவனம் கொண்டுவந்த பெட்ரோல் ரம்பம் 46 கிலோ. தூக்கவே இரண்டு பேர் வேண்டும். 1949இல் வந்த மெக்கல்லக் 3-25 வெறும் 25 பவுண்டு என்று மரவெட்டிகள் மகிழ்ந்தார்கள். (லண்டன் பாலத்தை 1968இல் விலைக்கு வாங்கி, கல் கல்லாகப் பிரித்து அரிசோனாப் பாலைவனத்தில் கொண்டுபோய் நிறுத்தினாரே, அதே ராபர்ட் மெக்கல்லக்கின் நிறுவனம்தான்.) அங்கிருந்து பாதி எடைக்கு இறங்கியதில் வார்ப்பு மெக்னீசியத்துக்கும் பங்கு உண்டு.

நாற்பது வருடம் தூசியில் கிடந்த எக்ஸ்எல்-12ஐக் கழற்றிப் பார்த்தால் மெக்னீசியம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) சுழலும், பேரிங் சத்தம் போடாது. ஆனால் ஸ்டார்ட் ஆகாது. அப்படியே ஸ்டார்ட் ஆனாலும் இரண்டு உறுமலில் அடங்கிவிடும். செத்துப்போயிருப்பது ரப்பர். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்த ரப்பர் துண்டுகள் கெட்டால் மொத்த எஞ்சினும் ஏன் படுத்துவிடுகிறது என்பதுதான் சுவாரசியமான இடம்.

டிவிஎஸ் 50யோ ஆர்எக்ஸ் 100ஓ வைத்திருந்தவர்களுக்கு டூ ஸ்ட்ரோக் எஞ்சினை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பங்கில் 2டி ஆயில் ஊற்றிய நினைவு போதும். அந்த எஞ்சினில் பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் அறை சும்மா இருப்பதில்லை. பிஸ்டன் மேலே போகும்போது கீழே வெற்றிடம் உண்டாகி, காற்றும் பெட்ரோலும் உள்ளே இழுக்கப்படுகின்றன. பிஸ்டன் இறங்கும்போது அது அழுத்தப்பட்டு மேலே சிலிண்டருக்குள் பாய்கிறது. ஒரு சுற்றுக்கு ஒரு மூச்சு. நிமிடத்துக்கு 9,000 சுற்று ஓடினால் நொடிக்கு 150 மூச்சு.

செயின்சாவில் இந்த மூச்சுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பைக் சாய்ந்து விழுந்தால் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் ஒழுகும். உள்ளே மிதவை இருப்பதால் அது நேராக நின்றால்தான் வேலை செய்யும். ஆனால் மரத்தை வீழ்த்த ரம்பத்தைப் பக்கவாட்டில் படுக்கவைக்க வேண்டும். அந்தக் காலத்துச் சில ரம்பங்களில் எஞ்சினை நிமிர்த்தியபடியே வைத்துக்கொண்டு பாரை மட்டும் திருப்பி அறுத்தார்கள். அந்தத் தொல்லையை ஒழித்தது டயஃப்ரம் கார்புரேட்டர்.

அதில் மிதவைக்குப் பதில் இரண்டு மெல்லிய சவ்வுகள். கிராங்க் அறையிலிருந்து ஒரு சிறு துளை வழியாக வரும் மூச்சுத் துடிப்பு முதல் சவ்வைத் தட்டித் தட்டி டேங்கிலிருந்து பெட்ரோலை மேலே ஏற்றுகிறது. இரண்டாவது சவ்வு அளந்து கொடுப்பது. அதன் ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் வெளிக்காற்று. எஞ்சின் பெட்ரோலை உறிஞ்சியதும் அந்தப் பக்கம் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று சவ்வை உள்ளே தள்ளுகிறது. சவ்வு ஒரு குட்டி நெம்புகோலைத் தொட, ஊசி வால்வு திறந்து அடுத்த சொட்டு வருகிறது. ரம்பத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் இதே கதைதான். இவ்வளவு எளிய யோசனை இவ்வளவு நாள் கழித்தா வந்தது என்று எனக்கு இன்றும் தோன்றும்.

பழைய சவ்வை எடுத்துக் காதருகே வைத்து லேசாக வளைத்துப் பாருங்கள். நல்ல சவ்வு சத்தமே போடாது. கெட்டது அப்பளம் போல் மொறமொறக்கும். விறைத்த சவ்வால் நெம்புகோலை முழுதாகத் தள்ள முடியாது. காற்று வழக்கம்போல் வருகிறது, பெட்ரோல் மட்டும் குறைகிறது.

பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது என்பதுதான் இதில் வம்பு. டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடுதான் பயணம் செய்கிறது. பெட்ரோல் ஆவியாகும்போது கிடைக்கும் குளிர்ச்சியும் போய்விடும். அலுமினியப் பிஸ்டன் சூட்டில் வீங்கி, சைலன்சர் பக்கத்துச் சுவரில் உரசி, கடைசியில் பிடித்துக்கொள்ளும். பிடிப்பதற்குச் சற்று முன்னால் எஞ்சின் வழக்கத்தைவிட உற்சாகமாகக் கத்தும். ‘பிக்கப் பிரமாதம்’ என்று ஓட்டுபவர் சந்தோஷப்படும் அந்த நிமிடம்தான் ஆபத்து.

சவ்வை மாற்றிவிட்டோம், புது பெட்ரோல் டியூப் போட்டுவிட்டோம், ஆனாலும் ஐடில் நிலையாக நிற்கவில்லை. ரம்பத்தைச் சாய்த்தால் ஏறுகிறது, நிமிர்த்தினால் இறங்குகிறது. அப்போது சந்தேகப்பட வேண்டியது கிராங்கின் இரண்டு முனைகளிலும் இருக்கும் ஆயில் சீல் என்ற ரப்பர் வளையம். அது தேய்ந்திருந்தால் ஒவ்வொரு மூச்சிலும் கார்புரேட்டர் வழியாக வராத கள்ளக் காற்று உள்ளே நுழைகிறது.

கண்டுபிடிக்க, சைலன்சர் வாயையும் கார்புரேட்டர் வாயையும் ரப்பர் தகட்டால் அடைத்து, கைப்பம்பால் சுமார் அரை பார் அழுத்தத்துக்குக் காற்று ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தடவுவார்கள். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பதுபோலத்தான். பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், அது போதாது. சீலின் உதடு உள்நோக்கி அமைந்திருக்கும். உள்ளே அழுத்தம் ஏறினால் அது உதட்டைத் தண்டின்மீது இன்னும் இறுக்கி அமுக்கும். அப்போது தேய்ந்த சீலும் யோக்கியன்போல் நடிக்கும். அதே அறையில் வெற்றிடம் உண்டாக்கினால் உதடு தண்டை விட்டு விலகும், குட்டு வெளிப்படும். எஞ்சின் மூச்சை இழுப்பதும் வெற்றிடத்தில்தானே. அழுத்தம், வெற்றிடம் இரண்டிலும், கிராங்கை மெல்லச் சுற்றியபடியே பார்த்தால்தான் சோதனை முடிந்ததாக அர்த்தம்.

ஏற்கெனவே பிடித்துப்போன ரம்பம் கையில் வந்தாலும் உடனே தூக்கிப்போட வேண்டாம். சைலன்சரைக் கழற்றி, துளை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். சிலிண்டர் சுவரில் தெரியும் கோடுகள் பல சமயம் கீறல்களே அல்ல. பிஸ்டனிலிருந்து உருகி ஒட்டிய அலுமினியம். குரோம் பூசிய சிலிண்டராக இருந்தால் காஸ்டிக் சோடா கரைசலைப் பஞ்சில் தொட்டு அந்தக் கோட்டில் மட்டும் வைப்பார்கள். நுரைத்துக்கொண்டு ஹைட்ரஜன் வெளியேறும், அலுமினியம் கரையும், குரோம் அப்படியே நிற்கும். பூச்சு உரிந்த இடம் இருந்தால் அடியிலுள்ள சிலிண்டரையே அது தின்றுவிடும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டிய வேலை.

கரண்ட் பக்கம் அவ்வளவு தலைவலி இல்லை. பேட்டரி கிடையாது, ஃப்ளைவீல் காந்தம் காயிலைக் கடக்கும்போது மின்சாரம் பிறக்கிறது, பாயிண்ட் என்ற இரு தொடுமுனைகள் சரியான கணத்தில் பிரிந்து அதைத் துண்டிக்க, காயிலின் இரண்டாவது கம்பிச் சுருளில் ஆயிரக்கணக்கான வோல்ட் எகிறிப் பிளக்கில் பொறியாகிறது. வருடக்கணக்கில் தொட்டபடி கிடந்த பாயிண்ட் முனைகளில் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படிந்திருக்கும். நைஸ் உப்புத்தாளால் இரண்டு இழுப்பு, வெள்ளைக் காகிதத்தால் ஒரு துடைப்பு, பெரும்பாலும் கரண்ட் வந்துவிடும். பாயிண்டை எட்ட ஃப்ளைவீலைக் கழற்ற வேண்டும். நட்டைத் திருகும்போது கிராங்க் கூடவே சுற்றாமலிருக்க, பிளக் துளை வழியாகக் கொஞ்சம் கயிற்றைச் சிலிண்டருக்குள் திணிப்பார்கள். பிஸ்டன் மேலே வந்து அதில் மோதி நின்றுவிடும். இரும்பு எதையும் விட்டு நிறுத்தினால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும்.

இப்போதைய பெட்ரோலில் கலந்துவரும் எத்தனாலுக்கும் பழைய ரப்பருக்கும் ஆகாது. ரப்பரை வீங்கவைக்கும், ஈரத்தையும் இழுக்கும். ஈரம் மிஞ்சினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில், சரியாக உறிஞ்சு குழாய் கிடக்கும் இடத்தில் தங்கும். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்துவிடுவது உத்தமம். ஆயில் கணக்கில் பழைய கையேடுகள் 16க்கு 1 வரை போகின்றன. அது அன்றைய ஆயிலுக்கான கணக்கு. இன்றைய நல்ல 2டி ஆயில் லிட்டருக்கு 25 மில்லி, அதாவது 40க்கு 1, போதும் என்பது என் கட்சி.

இன்னொன்று: அந்தக் காலத்து எக்ஸ்எல்-12இல் செயின் பிரேக் கிடையாது. பாரின் நுனி எதிலாவது பட்டால் ரம்பம் முகத்தை நோக்கி எகிறும், நிறுத்த எதுவும் இல்லை. தரையில் கிடக்கும் கட்டையை அறுத்து ரசிப்பதோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி வேலை காதுக்கு. கார்புரேட்டரில் எச் (முழு வேகத்துக்கு), எல் (ஐடிலுக்கு) என்று குறித்த இரண்டு ஸ்க்ரூவையும் மெல்ல மூடி, ஒரு சுற்றுத் திறந்து, எஞ்சினைச் சூடாக்குங்கள். முழு ஆக்சிலரேட்டரில், சுமையில்லாமல், சீரான கீச்சுக் குரல் வந்தால் பெட்ரோல் போதவில்லை. எச்-ஐக் கொஞ்சம் திறக்க வேண்டும். பெட்ரோல் லேசாகக் கூடும்போது ஒவ்வொரு சுற்றிலும் பற்றாமல் சில சுற்றுகளைத் தவறவிடும், குரல் தடதடவென்று கரகரக்கும். அந்தக் கரகரப்போடு செயினைக் கட்டையில் வையுங்கள். சுமை ஏறியதும் குரல் தெளிய வேண்டும். ரம்பத்தைத் தூக்கியதும் மறுபடி கரகரக்க வேண்டும். தெளியவே இல்லையென்றால் எச்-ஐ ஒரு மயிரிழை மூடி, இன்னொரு துண்டு அறுத்துக் கேளுங்கள்.