கட்டாயம் எங்கே இருக்கிறது?

தமிழில் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியைப் படித்துக்கொண்டிருந்த பையன் ஒருவன் போன மாதம் என்னிடம் கேட்டான்: "இதுல யாரு யாரைக் கட்டாயப்படுத்துறாங்க?" அவனுடைய பாடத்தில், ஒரு வகைத் தரவு தேவைக்கேற்ப இன்னொரு வகையாகத் தானே மாறுவதைச் சொல்லும் 'டைப் கோயர்ஷன்' என்பதற்குக் 'கட்டாய வகைமாற்றம்' என்று போட்டிருந்தது. நானும் இதைப் பத்து இடத்திலாவது பார்த்துவிட்டேன். இனியும் சும்மா இருக்க முடியாது.

'கோயர்ஷன்' என்ற சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் 'கோ' என்றால் சேர்த்து, 'அர்க்கேரே' என்றால் அடைத்துவைத்தல். ஆங்கிலத்துக்கு வந்தபோது மிரட்டிப் பணியவைப்பது என்ற பொருள் ஏறிக்கொண்டது. நிரல்மொழிகளில் அல்கால் 68 இதை முறையான கலைச்சொல்லாகவே வைத்திருந்தது. மெய்யெண் (புள்ளி வைத்த எண்) வேண்டிய இடத்தில் முழு எண் வந்து நின்றால் அது தானே மெய்யெண்ணாக விரியும். எந்த இடத்தில் எந்த மாற்றம் நடக்கலாம் என்று இடங்களையே தரம் பிரித்திருந்தார்கள். அதாவது, மாற்றத்தைத் தீர்மானிப்பது இடம். இதை மறக்க வேண்டாம்.

சரி, நடப்பது என்ன? ஜாவாஸ்கிரிப்டில் "5" என்ற சரத்தோடு (சரம் என்றால் எழுத்துகளின் வரிசை, 'ஸ்ட்ரிங்') 2 என்ற எண்ணைக் கூட்டினால் "52" வரும். அதே "5"இலிருந்து 2ஐக் கழித்தால் 3 வரும். கூட்டல் குறிக்கு அங்கே ஒட்டும் வேலையும் உண்டு, கழித்தலுக்கு அது கிடையாது. பெர்ல் மொழியில் ஒட்டுவதற்குப் புள்ளி என்று தனிக்குறி வைத்ததால் இந்தக் குழப்பம் இல்லை. பைத்தானோ "5"ஐயும் 2ஐயும் கூட்டச் சொன்னால் பிழை என்று நின்றுவிடும்.

பொருளும் (பல மதிப்புகளைச் சேர்த்துவைக்கும் 'ஆப்ஜெக்ட்') சரமும் சேரும்போது கூத்து இன்னும் பெரிது. ஒரு பொருளைச் சரத்தோடு கூட்டினால், ஜாவாஸ்கிரிப்ட் வழக்கமாக முதலில் அதன் மதிப்பைத் தரும் 'வேல்யூஆஃப்' என்ற செயற்கூறைக் கேட்கும். அதில் எண், சரம் போன்ற எளிய மதிப்பு கிடைக்காவிட்டால், சரமாக்கித் தரும் 'டுஸ்ட்ரிங்' பக்கம் போகும். தேதிப் பொருளுக்கு மட்டும் கூட்டலில் இந்த வரிசை தலைகீழ். அதனால்தான் தேதியோடு 1ஐக் கூட்டினால் நீளமான சரமும், 1ஐக் கழித்தால் எண்ணும் கிடைக்கின்றன. வெறும் பொருளாக இருந்தால் '[ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்]' என்ற புகழ்பெற்ற உளறல்தான் மிஞ்சும்.

இதில் கட்டாயம் எங்கே இருக்கிறது? நிரல் எழுதியவர் எதையும் கட்டளையிடவில்லை. பாதி நேரம் அவருக்கே தெரியாமல் நடக்கிறது. 'கட்டாய வகைமாற்றம்' என்று படிக்கும் தமிழ் மாணவர், நிரலர் தானே வலிந்து செய்யும் மாற்றம் என்றுதான் நினைப்பார். அது 'காஸ்ட்', இதற்கு நேர் எதிர்! போதாக்குறைக்கு, நம் பேச்சில் கட்டாயம் என்றால் தவறாமல் செய்யவேண்டியது என்றும் பொருள். "கட்டாயம் வகைமாற்றம் செய்யணுமா?" என்று இன்னொருவர் கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

'தானியங்கி வகைமாற்றம்' என்பவர்களும் உண்டு. பொருள் பிழையில்லை, ஆனால் தானியங்கி என்றதும் பணம் எடுக்கும் பெட்டிதான் என் நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு வரியிலும் எழுதவேண்டிய சொல் இவ்வளவு நீளமாகவும் இருக்கக்கூடாது.

பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம். ன் ஏன் ற் ஆனது? பக்கத்தில் குடம் வந்து நின்றதால். யாரும் அதட்டவில்லை. தோன்றல், திரிதல், கெடுதல் என்று விகாரப் புணர்ச்சியை மூன்றாகப் பிரித்த இலக்கணம் இதைத் திரிதல் என்கிறது. நாம் தேடும் சொல் பள்ளிக்கூடத்திலேயே படித்த சொல்தான்: வகைத்திரிபு. மாற்றுவது பிறவினை, திரிவது தன்வினை. நிரலர் செய்தால் வகைமாற்றம், தானே நடந்தால் வகைத்திரிபு. ஆங்கிலத்தில் அடைமொழி போட்டு விளக்கவேண்டிய வேறுபாட்டை நம் வினைச்சொல்லே சுமக்கிறது. ('[ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்]' திரிதலா கெடுதலா என்று கேட்டால், கெடுதல் என்றே சொல்வேன்.)

திரிபு என்றால் கெட்ட வாடை அடிக்கிறதே, செய்தியைத் திரித்தார்கள் என்கிறோமே என்று ஒரு நண்பர் மறுத்தார். அடிக்கட்டும். கோயர்ஷனில் மட்டும் மல்லிகையா மணக்கிறது?

மொழிபெயர்ப்பவர்களிடம் எனக்குள்ள வருத்தம் இதுதான். அகராதியில் சொல்லைப் பார்க்கிறார்கள், நிரலை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதில்லை. 'ஸ்ட்ரிங்' கயிறாகிப் 'பொருளைக் கயிறாக மாற்று' என்று எழுதியிருந்த பக்கத்தையும் படித்திருக்கிறேன். சரம் என்ற நல்ல சொல் பல காலமாகப் புழங்கிவரும்போது கயிறு எதற்கு?

அந்தப் பையனுக்கு இலக்கணம் சொல்லவில்லை. பால் திரிய யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா, பக்கத்தில் ஒரு சொட்டு எலுமிச்சை போதாதா என்று மட்டும் கேட்டேன். இரண்டு நாள் கழித்துத் தன் திரையைப் படமெடுத்து அனுப்பினான். உள்ளீட்டுப் பெட்டியில் தட்டியது எப்போதும் சரமாகத்தான் வரும் என்பதை மறந்து, 250 ரூபாயோடு 45 ரூபாயைக் கூட்டியிருக்கிறான். மொத்தம் 25045. கீழே ஒரே ஒரு சொல்: "திரிஞ்சிருச்சு."