தேக்குத் தூணுக்கு வார்னிஷ் வேண்டாம்

இன்னொரு வீடும் போய்விட்டது. தலைமுறை தலைமுறையாக நின்ற தேக்குத் தூண்கள். பலப்படுத்துவதாக நினைத்து அடியைச் சுற்றி அரை அடி உயரத்துக்கு சிமெண்டு பூசி, மேலே மூன்று கோட்டு வார்னிஷும் அடித்திருக்கிறார்கள். இப்போது தூணின் அடியில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் பிடிவரை இறங்குகிறது.

வயதானால் மரம் இற்றுவிடும் என்று நினைக்கிறார்கள். இல்லை. வைரம் பாய்ந்த மரம் வயதால் சாவதில்லை, ஈரத்தால் சாகிறது. மரத்தின் ஈரப்பதம் தொடர்ந்து 20 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சை பிடிக்கும். அதற்குக் கீழே இருந்தால் பூஞ்சையால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தக் காலத்துத் தச்சர் தூணை மண்ணில் புதைக்காமல் கல்லின் மேல் நிறுத்தியது இதற்காகத்தான். நீங்கள் சிமெண்டு பூசியதும் தரையின் ஈரம் அதன் வழியே ஏறித் தூணின் அடிவெட்டுக்குள் போகிறது. மரம் நீரை மிக வேகமாகக் குடிப்பது அந்த வெட்டுமுகத்தில்தான். குடித்த ஈரம் பக்கவாட்டில் உலர வேண்டும், அங்கே வார்னிஷ் அடைத்துக்கொண்டிருக்கிறது. வெயிலில் வார்னிஷ் வெடித்தால் விரிசல் வழியே மழைநீரும் உள்ளே போகும், வெளியே வர வழியில்லை.

வார்னிஷ் கறையானையும் தடுக்காது. கறையான் மண்ணிலிருந்து வருகிறது, மருந்தும் மண்ணுக்குத்தான். உள்ளே தின்று தீர்த்து மேல்தோலை மட்டும் விட்டுவைக்கும். பளபளப்பைப் பார்த்து நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள்.

சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். தமிழகம், கேரளம், கர்நாடகம், ஆந்திர வீடுகளை அங்கே பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். மரவேலைக்குப் பேர்போன, கேரளத்துப் புதுப்பள்ளியின் சிரியன் கிறிஸ்தவ வீடும் உண்டு. முகப்பை மட்டும் படமெடுத்துத் திரும்பாமல், தூண் எதன்மேல் நிற்கிறது, கூரை எவ்வளவு நீண்டு இறங்குகிறது என்று கவனியுங்கள். மரத்துக்கு முதல் பாதுகாப்பு அந்த இறவாரம்தான்.

பழைய வீட்டைப் பிரிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: சாக்பீஸால் எண் போடாதீர்கள், ஒரு மழையில் அழிந்துவிடும். தகட்டில் எண் பொறித்து, வெளியே தெரியாத பக்கத்தில் கட்டுங்கள். அளந்து வரைந்து படமெடுத்த பிறகே முதல் ஓட்டைத் தொடுங்கள். பிரிக்கும் வரிசை இது: ஓடு, ஓட்டைத் தாங்கும் ரீப்பர் பட்டை, அதன் கீழே சாய்வாக ஓடும் கைமரம், உத்திரம், தூணின் தலையில் இருக்கும் போதிகை, கடைசியில் தூண். மர ஆணியை அடித்து உடைக்காமல் எதிர்ப்பக்கத்திலிருந்து தட்டி எடுங்கள்.

மழைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு தூணின் அடியையும் தட்டிப் பாருங்கள். பொத்தென்று கேட்டால் உள்ளே சேதம். கறையான் கட்டிய மண்குழாய் தெரிந்தால் துடைத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், எங்கிருந்து ஏறுகிறது என்று பின்தொடருங்கள். கூரையில் ஓடு உடைந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். பூட்டிய வீடென்றால் தயவுசெய்து வாரம் ஒருநாளாவது கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஆள் புழங்கியபோது அடுப்பின் சூடும் புகையும் கூரை மரத்தை உலர்த்தி வைத்திருந்தன, இப்போது அது இல்லை.

அடி இற்றுப்போனால் முழுத் தூணையும் தூக்கி எறியாதீர்கள். மேலே முட்டுக்கொடுத்து, இற்ற பகுதியை மட்டும் வெட்டி, நன்கு உலர்ந்த அதே சாதி மரத்தில் சாய்வாக ஒட்டுக் கொடுக்கலாம். சாய்வின் நீளம் தூணின் கனத்தைப்போல் இரண்டு மூன்று மடங்காவது இருக்கட்டும். பச்சை மரம் வைத்தால் சுருங்கி மூட்டு வாய்பிளக்கும்.

ஏதாவது பூசியே ஆக வேண்டுமென்றால் ஆளிவிதை எண்ணெய், மெல்லிய பூச்சாக. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து வெளியே விரித்துப் போடுங்கள்.